எழும்பி நடக்கச் சொன்ன மருமகன்

அத்தியாயம் ஒன்பது

கூரையில் எந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவே விடியல் முதலில் கசியும் என்பது றுகையாவுக்கு இப்போது மனப்பாடம். ஒரு கிழமையாக அவள் படித்தது அந்தக் கூரையைத்தான்.

கணவன் சாலிஹ் வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து அனுப்பிய அரிசி மூடையை, ஓர் ஆண்பிள்ளை வரட்டும் என்று காத்திராமல் தானே இழுத்து முன் அறைக்குள் போடப் போனாள். பாதி வழியில் அடிமுதுகில் நாரி பிடித்துக்கொண்டது. குனிந்தவளால் நிமிர முடியவில்லை. மகள் ஹுஸ்னியாவும், அவளுடைய மூத்த சகோதரி மர்ஷூதா ராத்தாவும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் சாய்த்தார்கள். அசையவே கூடாது என்று ராத்தா உத்தரவு போட்டாள். நொச்சி இலை ஒத்தடம், பூண்டு எண்ணெய், இடுப்பைச் சுற்றி இறுக்கிய சீலைத்துணி. பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற எல்லாம் நடந்தன. பிள்ளை மட்டும்தான் இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று மாலை மருமகன் றிம்சான் வேலை முடிந்து வந்தான். ஆஸ்பத்திரியில் அவன் பிசியோதெரபிஸ்ட். நாரி, முழங்கால், தோள்மூட்டு என்று வருகிறவர்களைப் பார்ப்பதுதான் அவனுடைய தொழில். அவன் சொன்னதாக மகள் கொண்டுவந்த செய்தி இவ்வளவுதான்:

"படுக்க வேணாமாம் உம்மா. எழும்பி நடக்கட்டாம். ஊட்டு வேலயும் பாக்கட்டாம்."

அந்தச் சொல் றுகையாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. கலியாணம் முடித்து வந்து மூன்று மாதம். நோவில் கிடக்கிற மாமியைப் பார்த்து, எழும்பி வேலை பார் என்கிறானா?

நேராக அவனிடமே கேட்டிருக்கலாம். அதற்கு வழியில்லை. மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே ஹோலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் பச்சைத் திரைச்சீலை ஒன்றைத் தன் கையாலேயே மாட்டியவள் அவள். மருமகன் மஹ்ரம்தான், முகம் பார்த்துப் பேசக்கூடிய உறவு; மார்க்கம் தடுக்கவில்லை. தடுத்தது வெட்கம். அவளுடைய உம்மா கடைசிவரை சாலிஹோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் மறைவாள். அதுதான் மருமகனுக்குச் செய்கிற மரியாதை என்று பார்த்து வளர்ந்தவள் றுகையா. அவனுக்குப் பிடித்த இறைச்சிப் பொரியலைத் திரைக்கு இந்தப் பக்கம் சமைப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தால் ருசி என்று எடுத்துக்கொள்வாள். மூன்று மாதமாக மாமிக்கும் மருமகனுக்கும் இடையிலான கதைபேச்சு அவ்வளவே.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குள்ளேயே மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டாள். முந்தாநாளிலிருந்து நோவு குறைந்திருந்தது. காலைக்கடனுக்கு ஒதுக்கிடத்துக்குப் போகும்போது மகளின் தோளைப் பிடித்தாளே தவிர, பிடிக்காமலும் போயிருக்க முடியும். ஆனால் எழும்பினால், மருமகன் சொல்லி எழும்பினாள் என்றாகிவிடும். அதனால் கிடந்தாள். கிடக்கக் கிடக்கப் பயமும் கூடியது. உடம்பு ஓரிடத்தில் கீறல் விழுந்த மண்சட்டி போலவும், அசைந்தால் இரண்டாகிவிடும் போலவும் தோன்றியது. கோபம் எங்கே முடிகிறது, பயம் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிய அட்டாளைச்சேனையிலிருந்து றிம்சானின் உம்மா சபியா உம்மா வருகிறாள். கலியாணத்துக்குப் பிறகு சம்மந்தியின் முதல் வரவு. பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் பாயில் உட்கார்ந்து ஒரே சஹன் தட்டில் கைவைத்து உண்ண வேண்டும். அடுப்படியில் நெய்ச்சோற்றுக்கு ஏலக்காய் தட்டுகிற சத்தம் கேட்டது.

"றுகையா! எழும்பிடாத!"

வாசலிலேயே மர்ஷூதா ராத்தாவின் குரல். கையில் மூடி போட்ட கசாயச் செம்பு.

"எங்க ராத்தா எழும்புற?"

"அப்பிடியே கிட. இண்டைக்கு சஹன்ல ஒனக்குப் பதிலா நான் குந்துறன்."

"என்ட சம்மந்தியோட நீங்க குந்துறயா?"

"பின்ன? ஒன்னக் கட்டிலோட தூக்கி சஹனுக்குப் பக்கத்துல வெக்கிறதா?"

றுகையாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நாரி சுண்டுமோ என்று அடக்கிக்கொண்டாள். ராத்தா கட்டில் ஓரத்தில் அமர்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்டு செல்லணும். நீ நெஞ்சில போட்டுக்காத. ஒன்ட மருமகன் மாளிகைக்காட்டுப் பக்கம் வாடக ஊடு பாத்துத் திரியிறாராம். மீன்கார சரீப் கண்டிரிக்கான்."

கூரை ஓடுகள் எல்லாம் ஒருமுறை இடம் மாறியது போலிருந்தது.

இந்த வீடு ஹுஸ்னியாவுக்கு என்று சாலிஹும் அவளும் கல்லுக் கல்லாகக் கட்டியது. பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம். வந்த மாப்பிள்ளை மனைவியோடு வாடகை வீட்டுக்குப் போனால், போனவனைவிட அனுப்பியவளைத்தான் ஊர் பேசும். பேசட்டும். காலையில் அடுப்படியில் மகள் முனகுகிற பாட்டு இல்லாமல் போகுமே. றுகையாவைக் கலங்கடித்தது அதுதான்.

"மகள்! இஞ்ச வா."

ஹுஸ்னியா வெங்காயக் கையோடு வந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவள் முகம் வாடிப்போயிற்று.

"ஓம் உம்மா. எனக்கும் நேத்துத்தான் தெரியும். என்னத்துக்கு எண்டு கேட்டா, 'எங்கட உம்மா வரட்டும், மறுகா செல்றன்' எண்டாரு." சால்வையில் கையைத் துடைத்தாள். "உங்களுக்கு அவரப் புடிக்கல்லயா உம்மா?"

"ஆருடி சென்ன?"

"அவருதான் நினைக்காரு. 'நான் ஒரு வாட்டி வாயத் தொறந்தன், ஒங்கட உம்மா கட்டில்ல உழுந்து முகத்த திருப்பிட்டாங்க' எண்டு."

"நோவுல கிடக்கிறவள வேல பாக்கச் சென்னா முகத்த எங்க வெக்கிற?"

"அவரு அது மட்டுமா சென்னாரு?" ஹுஸ்னியா சால்வையின் முனையைத் திருகினாள். "கனக்கச் சென்னாரு. நான்தான் வந்து செல்லல்ல. அதெல்லாம் எப்பிடி உம்மா உங்கக்கிட்ட வந்து கேக்கிற?"

றுகையா மகளையே பார்த்தாள். பிறகு, தன்னையும் அறியாமல், "அவரக் கூப்பிடு" என்றாள்.

அவளுடைய அறை திரைச்சீலையை ஒட்டியே இருந்தது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. மருமகனின் முகத்தை அவள் கலியாணப் போட்டோவில்தான் நிறையப் பார்த்திருக்கிறாள். இந்தப் பாதங்களைத் தினமும் தெரியும்.

"ஹுஸ்னி, உம்மாட்டக் கேளு. காலுக்குள்ள விறைப்பு, பெலமில்லாமப் போறது ஏதும் இரிக்கா?"

"உம்மா, காலுக்குள்ள..."

"கேட்டிச்சி. இல்ல எண்டு செல்லு."

"இல்லயாம்."

"எனக்கும் கேட்டிச்சி. காய்ச்சல்?"

"காய்ச்சலும் இல்லயாம்."

ஒரு பாதம் மற்றதன் மேல் ஏறி நின்றது.

"மறுகா... சலம் போறதுல ஏதும் கஷ்டம்... தொடைக்கு நடுவுல உணர்வு கொறஞ்ச மாதிரி..."

"தவ்பா! தவ்பா!" மர்ஷூதா ராத்தா காதைப் பொத்தினாள்.

"இதத்தான் உம்மா நான் கேக்காம உட்டன்" என்று ஹுஸ்னியா சால்வைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

திரைச்சீலை அசைந்தது.

"கேக்கவே இல்லயா? அண்டைக்கு 'ஒண்டும் இல்லயாம்' எண்டு வந்து சென்னியே! இதுக்கு ஓம் எண்டா அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரிக்கணும் ஹுஸ்னி. வெக்கப்படுறதுக்கும் ஒரு எடமில்லயா?"

அவன் சத்தம் போட்டு றுகையா இதுவரை கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்குள் நடுக்கம் இருந்தது. ஒருவர் தன்னுடைய ஆளுக்காகப் பயப்படும்போது குரல் அப்படித்தான் உடையும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் சாலிஹின் குரலில் அதைக் கேட்டிருக்கிறாள். இவன் எனக்காகவா பயப்படுகிறான்? அந்த எண்ணம் ஒத்தடத்தைவிட இதமாக உள்ளே இறங்கியது.

"இல்ல" என்றாள் றுகையா. மகளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னாள். "அப்பிடி ஒண்டும் இல்ல."

ராத்தாவின் மடியிலிருந்த செம்பு சரிந்து கசாயம் சிந்தியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். பிறகு, "மாமி, அப்ப பயப்பட ஒண்டுமில்ல" என்றது.

"சரி தம்பி," ராத்தா சுதாரித்துக்கொண்டாள். "அப்ப என்ன எக்ஸசைஸ் செய்யணும்? அதச் செல்லுங்க."

"இதுக்கெண்டு தனியா எக்ஸசைஸ் தேவயில்ல பெரிய மாமி."

"அதச் செய்யிறதுக்குத்தானே ஆஸ்பத்திரில சம்பளம்!"

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "மாசக்கணக்கா நோவோட வாறவங்களுக்கு நான் செய்விக்கிறன். அவங்களுக்கு அது உதவும். இது புதுசாப் புடிச்ச நாரி. எக்ஸசைஸ் செஞ்சாலும் செய்யாட்டியும் அனேகமா ஒரே மாதிரித்தான் சொகமாகும். படுத்துக் கிடந்தாத்தான் சுணங்கும். வழமயாச் செய்யிறதுகள ஏலுமான மாதிரி செஞ்சிட்டு இரிந்தாக் காணும். அதத்தான் அண்டைக்கும் சென்னன்."

"எங்கட நொச்சி ஒத்தடம்?"

"சூடு இதம்தான். வெக்கட்டும். வெச்சிட்டு எழும்பி நடக்கணும்."

ஒரு கிழமையாக யாரிடமும் கேட்காத கேள்வியை றுகையா கேட்டாள். "குனிஞ்சா... உள்ளுக்கு ஏதும் பொட்டெண்டு உட்டுருமோ?"

"உடாது மாமி." அவன் குரல் தணிந்திருந்தது. "நோகும். நோகிறதெல்லாம் உள்ளுக்கு ஒடையிற எண்டு அர்த்தமில்ல. கொஞ்சம் நோகிறதோடயே நடக்கலாம். மூடைய மட்டும் எனக்கு வெச்சிருங்க."

"எந்த வேலயில தொடங்குற?"

"உங்களுக்கு எது விருப்பமோ அதில."

பாதங்கள் நகர்ந்துபோயின. ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகிறான். றுகையா அப்படியே கிடந்தாள். எது விருப்பம்? எது சமைக்க வேண்டும், எது கழுவ வேண்டும், எது மிச்சம் என்று அவளிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. பதில் தேடப் போனால், கூச்சமாக, சின்னதாக ஒன்று அகப்பட்டது. முன்வாசல் கேற்றடியில் நின்று சரீப்போடு வாய்ச்சண்டை போட்டு மீன் வாங்குவது. திரை மாட்டிய பிறகு அவள் கேற்றடிப் பக்கம் போனதில்லை. மீனை ஹுஸ்னியாதான் வாங்குகிறாள். சரீப் கொடுத்ததை வாங்குகிறாள்.

றுகையா பக்கவாட்டில் புரண்டாள். காலைக் கீழே விட்டாள். கையை ஊன்றினாள். நாரி சுண்டியது. காத்திருந்தாள். பொட்டென்று எதுவும் விடவில்லை.

"அடியேய், எழும்புறாள்!" என்றாள் ராத்தா.

"நடக்கப் போறன் ராத்தா. வாறயா?"

முதல் அடிகள் நடை பழகும் குழந்தையுடையவை போலத்தான் இருந்தன. சுவரைத் தொட்டுக்கொண்டு, பிறகு தொடாமல். திரைச்சீலை அருகே வந்ததும் நின்றாள். ஹோலில் யாரும் இல்லை. அதை ஒதுக்கிக்கொண்டு போனபோது தன் சொந்த வீட்டுக்குள்ளேயே வெளியூர் போவது போல் இருந்தது. முன்வாசல் வெளிச்சம் கண்ணைக் கூசியது. கடல் காற்று முக்காட்டைப் பிடித்து இழுத்தது.

மோட்டார்சைக்கிள் ஹோர்ன் சத்தத்தோடு சரீப் வந்து நின்றான். மூத்த பெண்களை அக்கா முறையில் 'தாத்தா' என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"அல்லாவே, றுகையா தாத்தாவா? மையத்துக் கட்டில் வரப்போகுது எண்டெல்லே உங்கட ராத்தா கதைச்சா!"

"நான் எப்ப அப்பிடிச் சென்னன்!" என்று பின்னால் ராத்தா பாய்ந்தாள்.

"ஒன்ட மீனவிட நான் உசிரோட இரிக்கன் சரீப். இந்தப் பாரைட கண்ணப் பாரு. இது எந்தக் கிழமை புடிச்ச?"

"தாத்தா, வயித்தில அடிக்காதீங்க. விடியத்தான் கரைக்கு வந்த."

நின்று சண்டை பிடித்தாள். சிரித்தாள். சிரித்தபோது நாரி நொந்தது. நொந்தாலும் சிரிப்பு நிற்கவில்லை. பாரையை வாங்கிக்கொண்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்:

"எங்கட மருமகன் ஊடு பாத்தாராம். எப்பிடியான ஊடு?"

"சின்ன ஊடுதான் தாத்தா. படி இரிக்கப்படாதாம், ஒதுக்கிடம் உள்ளுக்கே இரிக்கணுமாம். ரெண்டு பேருக்கு எண்டா அது காணாது."

படி இல்லாத வீடு. இருபத்தெட்டு வயதுக்காரனுக்குப் படியால் என்ன? அந்தக் கேள்வியைக் கையில் மீனோடு சேர்த்துப் பிடித்தபடி றுகையா உள்ளே திரும்பினாள்.

ஜும்ஆ முடிந்து கொஞ்ச நேரத்தில் சம்மந்தியின் வான் வண்டி வந்தது. ஒரு கிழமையாகப் பேச்சுக்கே மூச்சைச் சிக்கனமாகச் செலவழித்தவள், வாசலில் நின்று நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது. பின்னால் ராத்தாவும் சேர்ந்துகொண்டாள். அந்தச் சத்தத்துக்குள் சபியா உம்மா வானிலிருந்து இறங்கினாள். பக்கவாட்டில், ஒரு காலை வைத்து, கதவைப் பிடித்து, மற்றக் காலை வைத்து. யாரும் கவனிக்கவில்லை. றுகையா கவனித்தாள். அப்படி இறங்குவது எப்படி என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ஆண்களுக்கு ஹோலில், பெண்களுக்கு உள்ளே. பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்தார்கள். நெய்ச்சோற்றின் மேல் கோழியும் கத்தரிக்காய்ப் பொரியலும் மாசிச் சம்பலும். சபியா உம்மா பாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை றுகையா ஒரே நொடியில் அடையாளம் கண்டாள்.

"சம்மந்தி, குறை நினைக்கப்படா. எனக்கு நாரி புடிச்சிட்டு. பாயில குந்தினா எழும்ப ஏலா. சஹன மேசைக்கு ஏத்தட்டா?"

"யா அல்லாஹ்!" சபியா உம்மா நெஞ்சில் கைவைத்தாள். "எனக்கு முழங்கால் மச்சி! வான்ல வரக்குள்ள முழுக்க, எப்பிடிக் குந்துற, எப்பிடி எழும்புற எண்டுதான் யோசின. மேசை குடுங்க எண்டு கேட்டா பெரும புடிச்சவள் எண்டு நினைப்பீங்களோ எண்டு பயந்தன்."

"சஹன மேசையிலயா? ஊர் சிரிக்கும்!" என்றாள் மர்ஷூதா ராத்தா.

"சிரிக்கட்டும் ராத்தா. நீங்க பாயில குந்துங்க. நாங்க மேல இரிந்து சோத்த உருட்டிப் போடுறம்."

இரண்டு தாய்மாரும் கதிரையில் அமர்ந்து ஒரே சஹனில் கைவைத்தார்கள். கொஞ்சம் உண்டதும் நாரி முறுகத் தொடங்கியது. றுகையா எழும்பி நடந்தாள். சபியா உம்மாவும் சோற்றுக் கையோடு கூடவே வந்தாள். பின்வளவில் கிணற்றடி வரை போய்த் திரும்பினார்கள். மறுபடி உண்டார்கள். மறுபடி நடந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்த பெண்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சோறு புரையேறியது.

இரண்டாவது நடையில் சபியா உம்மா சொன்னாள்: "ஊட்ட சின்னவளுக்கு எழுதிக் குடுத்திட்டன். மருமகன்ட கடைச் சாமானுக்குக் கீழ் அறை தேவப்பட்டிச்சி. எனக்கு மேல் மாடில இடம் தந்தாங்க. நல்ல காத்து. என்ன, எறங்கி வரத்தான் ஏலா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். குறை சொல்கிற சிரிப்பில்லை. பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்காத சிரிப்பு.

றுகையா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தானும் எழுதிக் கொடுத்தவள்தான்.

சபியா உம்மாவைக் கதிரையில் அமர்த்திவிட்டு, இனிப்புக்கு வைத்திருந்த வட்டிலப்பத் தட்டை எடுத்தாள். ஹுஸ்னியா கை நீட்டினாள். கொடுக்கவில்லை. திரைச்சீலையை ஒதுக்கி ஹோலுக்குள் போனாள். மற்ற ஆண்கள் கை கழுவ வாசலுக்குப் போயிருந்தார்கள். றிம்சான் மட்டும் இருந்தான். மாமியைக் கண்டு துள்ளி எழும்பினான். போட்டோவைவிட இளைய முகம். காது சிவந்திருந்தது.

"மருமகன்," என்றாள் றுகையா. சொல் வாயில் புதிதாக இருந்தது. "படி இல்லாத ஊடு உம்மாக்கா?"

அவன் தலை குனிந்தான். "ஓம் மாமி. உம்மாக்கு இன்னும் தெரியா. கேட்டா வரமாட்டா எண்டு சென்னிருவா. இண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பொறகு எல்லாருக்கும் முன்னால செல்லுவம் எண்டு... பக்கத்துல இரிந்தா, வேலைக்குப் போக முந்தி எட்டிப் பாக்கலாம்."

"நீங்க ரெண்டு பேரும்?"

"நாங்க எங்க போற மாமி?" அவன் நிமிர்ந்து பார்த்தான். "இஞ்சத்த இறைச்சிப் பொரியல உட்டுட்டு?"

திரைக்குப் பின்னால் ஹுஸ்னியா அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் போல்தான் கேட்டது.

றுகையா வட்டிலப்பத்தை அவன் கையில் கொடுத்தாள். மெதுவாக நடந்து, ஹோலுக்குப் பக்கத்து முன் அறைக் கதவைத் தள்ளினாள். படி இல்லை. ஜன்னல் கடல் பக்கம். உள்ளேயே ஒதுக்கிடம். அறை முழுக்கச் சாலிஹின் மூடைகள். வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே, அவளைப் படுக்க வைத்த அந்த ஒன்றும்.

"வாடக ஊட்டுக்காரனுக்கு வேணாம் எண்டு செல்லுங்க மருமகன். இதெல்லாத்தையும் எங்க வெக்கிற? ஒங்கட மாமாக்கு இந்த அறை எண்டா உசிரு."

அவன் பதில் சொல்லும் முன் அவளுடைய போன் அடித்தது. சாலிஹ். பின்னால் டிரக்டர் இரைகிற சத்தம்.

"றுகையா! நாரி எப்பிடி? கிடந்தியா? இந்த முற நல்ல வெளச்சல், மாஷா அல்லாஹ். பின்னேரம் ஒரு லோட் மூடை ஏத்தி வாறன். முன் அறைய ஒதுக்கி வெக்கச் செல்லு!"

றுகையா மருமகனைப் பார்த்தாள். மருமகன் மூடைகளைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. நாரி ஒருமுறை நறுக்கென்று சுண்டியது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்து முடிக்கும்வரை சிரித்தாள்.

"வாங்க," என்றாள் போனில். "ஒதுக்கி வெக்கன். ஆனா ஆருக்கு எண்டு வந்து பாருங்க."